இன்சுலினுக்கு நான் கொடுத்த மூன்று மணி நேரம்

இருபது நாளைக்கு முன்னால், பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவர் என்னைச் சாட்சிக்கு இழுத்துச் சண்டை போட்டிருக்கிறார்.

"அத்தை சொன்னாங்க... மூணு மணி நேரந்தான்! பாடு முடிஞ்சிச்சி. வலையப் புடுங்குங்கடா!"

அப்போது காலை ஒன்பதரை மணி. அவர்களுடைய முறை சாயங்காலம் வரை இருந்தது. இவர் பாட்டுக்கு, வலை கட்டுவதற்கு ஊன்றியிருந்த கழிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். கூட இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவர் குடிப்பதே இல்லை. அவர் தேசப்பன், என் தங்கை மகள் மகேஸ்வரியின் கணவர். முப்பத்திரண்டு வயது. ரத்தத்தில் சர்க்கரை ஐம்பதுக்கும் கீழே இறங்கி, மூளைக்குத் தீனி இல்லாமல் மனிதர் உளறிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அப்படியே தண்ணீருக்குள் சரிந்திருப்பார்.

அதற்குக் காரணம்... ஊகித்திருப்பீர்களே? வாராவாரம் இந்த இடத்தில் உங்களுக்கு எதையாவது விளக்கிக்கொண்டிருக்கும் நான்தான்.

போன இரண்டு வாரமும் பழைய சரக்கை எடுத்துத் தூசி தட்டி அனுப்பி ஒப்பேற்றினேன், கவனித்தீர்களா? கை ஓடவில்லை. இப்போதும் முழுசாகப் புரிந்துதான் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். அப்படியாவது எனக்கு விளங்குகிறதா பார்ப்போம்.

மகாவுக்கு — மகேஸ்வரியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் — சொந்த ஊர் காட்டூர். எனக்கும்தான். நெல் விளைகிற ஊர். ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல்கூடத் தெரியாது. மகா கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் பொன்னேரிக்குப் போய்வந்த பஸ்ஸில் தேசப்பனைப் பார்த்தாள். பிடித்துப்போயிற்று. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற அவர் குப்பத்துக்கே குடிபோய்விட்டாள். (இந்தக் கல்யாணத்தைப் பற்றி மேற்கொண்டு எழுதினால் என் தங்கை என்னோடு பேசமாட்டாள். விட்டுவிடுகிறேன்.)

தேசப்பனுக்குப் பதினைந்து வயதிலிருந்து சர்க்கரை. நமக்கெல்லாம் ஐம்பது வயதில் வருமே, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் ஜாங்கிரியை ஒரு கை பார்ப்போமே... அது இல்லை. இது டைப் ஒன். உடம்பில் இன்சுலின் சுரப்பது கிட்டத்தட்ட நின்றே போய்விடும். வெளியிலிருந்து போட்டால்தான் உயிர். கூடப் போனாலும் ஆபத்து, குறைந்து போனாலும் ஆபத்து.

முன்பு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு வருடமாக வேறு ஏற்பாடு. மேல் கையில் ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பும். போனில் இருக்கிற ஆப் ஒரு கணக்குப் போட்டு, உடம்பில் மாட்டியிருக்கும் சின்ன பம்ப்புக்குச் சொல்லும் — இப்போது இவ்வளவு இன்சுலின் கொடு, இப்போது நிறுத்து, கொஞ்சம் பொறு. அந்த ஆப்பை எந்தக் கம்பெனியும் செய்து விற்கவில்லை. இதே நோய் உள்ளவர்களும் அவர்களைப் பெற்றவர்களுமாகச் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருக்கிறார்கள். மகா மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்து அதைப் போனில் ஏற்றினாள். சென்னையில் இருக்கிற அவர்களுடைய டாக்டரம்மாவுக்கும் எல்லாம் தெரியும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் அங்கே சாப்பிடப் போகும்வரை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு. தேசப்பன் சாப்பாட்டுக்கான இன்சுலினைப் போனில் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். குழம்பு அப்படி இருந்ததால் சோறும் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. எனக்கும்தான்.

மூன்று மணி நேரம் கழித்து, போனைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"பாருங்க அத்தே. இருநூத்தி நாப்பதுல நிக்கிது. குடுடான்னா குடுக்க மாட்டேங்குது. இன்னும் மிச்சம் கீதாம்."

"என்ன மிச்சம் மாப்ளே?"

"மத்தியானம் போட்ட இன்சுலின் உள்ளயே இன்னும் மிச்சம் கீதுன்னு சொல்லுது. எங்க கீது? இருந்தா சர்க்கரை எறங்கணும்ல?"

போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு வளைவு. இடது பக்கம் விறுவிறுவென்று ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, பிறகு இறங்கு இறங்கு என்று இறங்கிக்கொண்டே போகிறது. தரையைத் தொடுவதற்குள் ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது.

சமையலறையிலிருந்தே மகா சொன்னாள்: "போட்ட உடனே வேலை செய்யாது பெரிம்மா. ஒண்ணேகால் மணி நேரத்துல உச்சத்துக்குப் போவும். அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா கொறையும். சுத்தமா தீர்றதுக்கு ஆறு மணி நேரம். எந்த நிமிஷத்துல எவ்ளோ மிச்சம்னு ஆப் பாத்துகினே இருக்கும். அந்த மிச்சத்த மனசுல வெச்சிகினுதான் புதுசா குடுக்கும்."

தேசப்பன் தலையைச் சொறிந்தார். நான் களத்தில் இறங்கினேன்.

இருபது வருடமாக இதுதானே என் பிழைப்பு? குக்கர் கேஸ்கட்டிலிருந்து வருமான வரி வரை எளிய தமிழில் உங்களுக்குப் புட்டுப் புட்டு வைத்தவள் இல்லையா நான்? வாய் சும்மா இருக்குமா?

"மாப்ளே, இதை எதுக்குக் கணக்கா பாக்கறீங்க? உங்க பாடு மாதிரி நினைச்சுக்குங்க."

பாடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் போய் அங்கே வலை கட்டினால் அடிதடிதான். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு கூட்டம், நாளைக்கு இன்னொரு கூட்டம். முறை வந்தால் போய்க் கழி ஊன்றி வலை கட்டலாம். முறை முடிந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். ஒரு கழிகூட அங்கே நிற்கக் கூடாது. நான் ஒரு முறை இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். நெல் வயல்காரி ஒருத்தி மீனவருக்கே பாடு பற்றி வகுப்பெடுத்த திமிர் அங்கிருந்து வந்ததுதான்.

"ஒவ்வொரு தடவை போடற இன்சுலினும் ஒரு கூட்டம். அதுக்குன்னு ஒரு முறை. வரும், வேலையைப் பாக்கும், நேரம் முடிஞ்சதும் கிளம்பிடும். அடுத்தது வரும். அவ்வளவுதான்."

தேசப்பன் முகம் பளிச்சென்று ஆனது.

"அட! இப்டி சொன்னா ஆச்சி. இத்தினி நாளா இவ வளைவு, வாலுன்னு சொல்லி பேஜார் பண்ணிகினு இருந்தா."

"பெரிம்மா, அது அப்டி இல்ல..." என்று மகா கையில் கரண்டியோடு வந்தாள். நான் அவளைக் கையமர்த்தினேன். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"நீயே பாருடி. பெரிய மேடெல்லாம் முதல் மூணு மணி நேரத்துக்குள்ள வந்துடுது. அதுக்கப்புறம் இருக்கறது சும்மா வால்."

சும்மா வால்! இந்த இரண்டு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மறுநாள் தேசப்பன், மகாவிடம் சொல்லாமல், ஆப்பின் செட்டிங்கில் போய் 'இன்சுலின் வேலை செய்யும் நேரம்' என்ற இடத்தில் ஆறை அழித்துவிட்டு மூன்று என்று போட்டார். நிச்சயமாகவா என்று ஆப் கேட்டிருக்கிறது. ஆமாம் என்று தட்டிவிட்டார். அவர் பழக்கத்தில் முறை முடிந்தது என்றால் இடம் காலி. அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வேறு தொழில் செய்பவராக இருந்தால், கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று யோசித்திருப்பாரோ என்னவோ.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? முதல் நான்கு நாள் எல்லாம் அமோகம்! வீட்டில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த நாட்கள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஏறுகிற சர்க்கரை, சாயங்காலத்துக்குள் சமர்த்தாக இறங்கியது. "அத்தே, சூப்பர்!" என்று வாட்ஸப்பில் எனக்குப் படம் அனுப்பினார். நான் அதை நாலு பேருக்கு அனுப்பிப் பெருமையடித்துக்கொண்டேன். வைத்தியத்தையும் விளக்கிவிட்டேனே என்று உள்ளுக்குள் ஒரு குதியாட்டம்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. அவர்களுடைய பாடு.

விடிவதற்குள் இட்லி சாப்பிட்டு, அதற்கு இன்சுலின் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். எட்டு மணிக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து. காலையில் போட்டது முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று ஆப் நினைத்தது — மூன்று மணி நேரம் ஆகிவிட்டதே! மிச்சம் பூஜ்யம் என்று காட்டிக்கொண்டு, மேலே மேலே கொடுத்தது. ஆனால் பழசும் உள்ளேதான் இருந்தது. அதன்மேல் புதுசு. அதற்கும் மேல், சேற்றில் கால் ஊன்றிக் கழி அடிக்கிற உழைப்பு. ஒன்றரை மணி நேரத்தில் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிட்டது.

இறங்குவதைப் பார்த்ததும் ஆப் பம்ப்பை நிறுத்தத்தான் செய்தது. உள்ளே போனதை யார் வெளியே எடுப்பது? அலாரமும் அடித்திருக்கிறது. தண்ணீர் படக்கூடாது என்று போனைத் துணியில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்து, படகில் வைத்திருந்தார்கள். ஒருவர் காதிலும் விழவில்லை.

காப்பாற்றியது எல்லப்பன். தேசப்பனோடு சின்ன வயதிலிருந்து ஒரே படகில் போகிறவர். கூட்டத்தில் அவருக்கு மட்டும்தான் சர்க்கரை விஷயம் தெரியும். மற்றவர்களிடம் தேசப்பன் சொன்னதே இல்லை. மகா கொடுத்தனுப்பும் குளுக்கோஸ் பாக்கெட் படகில் இருந்தது. தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தால், இவர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். பாடு முடிந்துவிட்டது, இடத்தைக் காலி பண்ணு என்று ஒரே பிடிவாதம்.

எல்லப்பன் எதிர்த்துப் பேசவில்லை.

"ஆமாண்டா, முடிஞ்சிச்சி. கெளம்பலாம். கெளம்பறதுக்கு முன்ன இத்த ஒரு வாய் குடிச்சிடு."

கிளம்பலாம் என்றதும் குடித்துவிட்டார். கால் மணி நேரம் கழித்துச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "எவன்டா கழியெல்லாம் புடுங்கிப் போட்டது?"

மகா இதைப் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் இரண்டும் செய்யவில்லை. "நீதான் பெரிம்மா மூணுன்னு சொன்னியாம்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாளே சென்னையிலிருந்து பொன்னேரி போய், திருப்பாலைவனம் வழியாக பஸ் பிடித்து, படகேறிப் போய்ச் சேர்ந்தேன். தேசப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தார். பழைய சிரிப்பு இல்லை. படகுக் கூட்டம் பேசி முடிவெடுத்துவிட்டதாம். அடுத்த பாடு இரண்டரை வாரத்தில் வருகிறது. அதற்குத் தேசப்பன் வர வேண்டாம், அவர் இடத்தில் வேறு ஆள் நிற்கட்டும் என்று. வேறு ஆள் ஒரு முறை நின்றுவிட்டால் அந்த இடம் அவருக்கே போய்விடும். அதற்கப்புறம் தேசப்பன் கரையில் உட்கார்ந்து அடுத்தவர் கொண்டுவருகிற இறாலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"அவங்க சொல்றதுதான் சரி," என்றாள் மகா. "எனக்கு இறாலும் வேணா, ஒண்ணும் வேணா. ஆளு வேணும்."

"கரையில குந்திகினு நான் இன்னா பண்ணுவேன்?" என்றார் தேசப்பன். "எங்க நைனா, அவரு நைனா எல்லாம் நின்ன தண்ணி. எனக்கு வேற எதுனா தெரியுமா? சொல்லுங்க அத்தே."

முதலில் நடந்தது என்ன என்றே எனக்குப் புரியவில்லை.

"ஏண்டி மகா, வேலை செய்யற நேரத்தைக் குறைச்சா இன்சுலின் குறையத்தானே வேணும்? ஆறை மூணாக்கினா பாதிதானே? எப்படிக் கூடிப்போச்சு?"

அவள் பெருமூச்சு விட்டாள்.

"அந்த நம்பரு இன்சுலினுக்குப் போடற உத்தரவு இல்ல பெரிம்மா. அது நாம சொல்றத கேக்காது. அது பாட்டுக்கு ஆறு மணி நேரம் வேலை செய்யும். நாம ஆப்புக்குத்தான் சொல்றோம். மூணு மணி நேரத்துல தீந்துடும்னு நாம சொன்னா, அது நம்பிக்கும். மிச்சம் இருக்கச் சொல்லயே மிச்சம் இல்லன்னு நெனைச்சிகினு இன்னும் கொஞ்சம் குடுக்கும்."

ஆ! புரிந்துவிட்டது என்று எழுந்தேன். திண்டாட்டம் என்னவென்றால், கைகழுவிவிட்டு வருவதற்குள் மறந்துவிட்டது. நேரம் குறைந்தால்... மிச்சம் குறைந்து... ஆகவே இன்சுலின்... திரும்பவும் தலைகீழாகவே வந்து நின்றது. கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் வரைந்து பார்த்தேன். நான் வரைந்த வளைவில் சாப்பாட்டுக்கு முன்னாலேயே இன்சுலின் தீர்ந்துபோயிருந்தது. மகா அதை வாங்கிப் பார்த்துவிட்டு நான்காக மடித்து வைத்தாள். அதற்கு ஓர் அறை வாங்கியிருந்தால்கூடத் தேவலை.

மூன்று பேருமாகச் சென்னையில் டாக்டரம்மாவிடம் போனோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனில் பழைய கோடுகளையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எவ்வளவு சோறு சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

தேசப்பன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஒரு கப்னு போட்டிருக்கீங்க. ஏறினதைப் பாத்தா ரெண்டு கப்புக்கு மேல இருக்கும். அங்கதான் தப்பு. சாப்பாட்டை ஒழுங்கா சொல்லியிருந்தா ஆப்பே சரியா கொடுத்திருக்கும். நீங்க சாப்பாட்டுக் கணக்கை விட்டுட்டு நேரத்துல கை வெச்சுட்டீங்க. வீட்ல உக்காந்திருந்த வரைக்கும் ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு மறைச்சுது. தண்ணியில இறங்கினதும் வெளிய வந்துருச்சு."

இது எனக்குப் புரிந்தது. ஏனென்றால் சோறு எனக்குப் புரியும்.

"அப்போ ஆறுதான் சரியான எண். அதை மாத்தக் கூடாது. அவ்வளவுதானே டாக்டர்?" என்று நிம்மதியாகக் கேட்டேன்.

"ஆறு ஒரு நல்ல கணிப்பு," என்றார் டாக்டர்.

கணிப்பா?

"எல்லா உடம்பும் ஒரே மாதிரி கிடையாதும்மா. ஒரே உடம்புலயும் தினம் ஒரே மாதிரி இருக்காது. வெயில் அடிச்சா இன்சுலின் சீக்கிரமா ரத்தத்துல கலக்கும். உழைச்சா அதே அளவு இன்சுலின் அதிகமா சர்க்கரையை இறக்கும். உழைச்சு முடிச்ச பிறகும் பல மணி நேரம் இறக்கும். இவர் ஏரியில நிக்கறார்னு ஆப்புக்கு எப்படித் தெரியும்?"

"அப்படின்னா ஏரிக்குப் போனா நேரம் மாறுதா, வேகம் மாறுதா, பலம் மாறுதா?"

"எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்," என்று சிரித்தார்.

எனக்குத் தலை சுற்றியது. அந்த வழவழப்பான வளைவைப் பார்த்தால் சத்தியவாக்கு மாதிரி இருக்கிறது. அதை வரைந்தவர்களே, இது சராசரி, தோராயம், பார்த்து நடந்துகொள் என்கிறார்கள். தோராயத்தை வைத்துக்கொண்டா ஒரு மனிதர் தண்ணீரில் இறங்குவது? ஆனால் தோராயத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? இதை நான் டாக்டரிடம் கேட்கவில்லை. வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் ஆறையே திரும்பப் போடச் சொன்னார். ஏரிக்குப் போகிற நாளில், தண்ணீரில் இறங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னாலேயே, உழைப்பு வருகிறது என்று ஆப்பிடம் சொல்லிவிட வேண்டும். அப்போது அது சர்க்கரையைக் கொஞ்சம் மேலேயே வைத்துக்கொள்ளும். காலை இட்லிக்கான இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று மகாவுக்கு எழுதிக் கொடுத்தார். இனி எந்த எண்ணையும் தன்னைக் கேட்காமல் தொடக்கூடாது என்று தேசப்பனிடம் கறாராகச் சொன்னார். சொல்லும்போது என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஏரிக்குப் போவலாமா மேடம்?" என்று கேட்டார் தேசப்பன்.

"தாராளமா போகலாம். ஆனா கூட இருக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். மறைச்சு வெச்சுப் போகக் கூடாது."

ஊசி போடுகிறபோதுகூட முகம் சுளிக்காத மனிதர், அந்தக் கடைசி வாக்கியத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊர் திரும்பிய அன்றே, சாயங்காலம் கரையில் படகுக் கூட்டத்தைக் கூப்பிட்டு அவரே சொன்னார். சட்டையைத் தூக்கிப் பம்ப்பைக் காட்டினார். சென்சாரைக் காட்டினார். பதினைந்து வயதிலிருந்து கதையைச் சொன்னார். மகா சற்றுத் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் இன்னும் வேண்டாம் கட்சிதான்.

எல்லப்பன் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான அந்த எழுதற அம்மா?"

"ஆமாம்பா."

"நீங்க சொல்லுங்க. டாக்டரு ஆயிரம் சொல்லுவாங்க, அவங்க வந்து தண்ணில நிக்கப் போறதில்ல. இவன் வந்தா மறுபடியும் இப்டி ஆவுமா, ஆவாதா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தேசப்பன் பார்த்த பார்வை இருக்கிறதே... ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அத்தே என்று அந்தக் கண் கெஞ்சியது. மகாவின் பார்வை வேறு விதமாகக் கெஞ்சியது. எனக்குள் நாலைந்து உவமைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. காற்று, நீரோட்டம், கேஸ் அடுப்பு... எதை எடுத்துவிட்டாலும் கைதட்டு வாங்கியிருப்பேன். பழக்கதோஷம்!

வாயைத் திறந்தேன்.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றேன். "ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது. இந்த விஷயம் எனக்குப் பாதிகூடப் புரியலை. புரிஞ்ச மாதிரி பேசித்தான் இவரை அன்னிக்குச் சாவு வரைக்கும் கொண்டுபோனேன்."

சொல்லிமுடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால், இந்த வயதில், மூக்கைச் சிந்திக்கொண்டு.

எல்லப்பன் என்னை விட்டுவிட்டு மகாவைக் கேட்டார்.

"இவன் ஒளற ஆரம்பிக்கறதுக்கு முன்னயே அந்த போன் கத்துமா?"

"கத்தும்ண்ணா. அன்னிக்கும் கத்திச்சி. டப்பால இருந்ததால யாருக்கும் கேக்கல."

"கத்துனா இன்னா பண்ணணும்?"

"தண்ணிய வுட்டு ஏத்திட்டு, குளுக்கோஸ் குடுக்கணும். கால் மணி நேரம் உக்கார வெக்கணும். அப்பயும் ஏறலன்னா மறுபடி குடுக்கணும்."

"அவ்ளோதான? இதுக்கா இத்தினி வருஷம் மறைச்சி வெச்சிகினு இருந்தான் இந்த லூசு?" என்று தேசப்பன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "போன என் கழுத்துல மாட்டு. கத்துச்சின்னா இவன் இன்னா சொன்னாலும் கேக்க மாட்டேன். தூக்கிப் படகுல போட்டுடுவேன்."

எனக்கு எத்தனை தரம் சொல்லியும் ஏறாத விஷயத்தில், தனக்குத் தேவையான பகுதியை மட்டும் மூன்றே கேள்வியில் எடுத்துக்கொண்டார் மனிதர். வளைவு எப்படி இறங்குகிறது என்று அவர் கேட்கவே இல்லை. அது தப்பாகப் போகும் நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் கேட்டார். எழுத்துக்காரியான எனக்கு அந்தக் கேள்வி ஏன் தோன்றவில்லை?

மற்றவர்களும் தலையாட்டினார்கள். பாக்கி மகாதான். அவள் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். போச்சு, கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டுவந்து, வாரை எல்லப்பன் கழுத்தில் அவளே மாட்டி, நீளம் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

"போனுக்கும் இவருக்கும் பத்தடிக்கு மேல போவக்கூடாதுண்ணா. தூரம் போனா சேதி வராது."

"கல்யாணம் கட்டினவகூட இத்தினி கிட்ட வெச்சிக்கலடா உன்ன," என்றார் எல்லப்பன். எல்லோரும் சிரித்தார்கள். மகாவும் சிரித்தாள். இருபது நாளில் அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

நேற்று அந்தப் பாடு.

தேசப்பனின் எண்களைச் சென்னையிலிருந்தே பார்க்கும்படி மகா என் போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். "பாரு, பேசாத" என்பது நிபந்தனை. விடிகாலையிலிருந்து மேஜைமேல் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்பு இருக்கும். மேலே பார்த்தால் சர்க்கரை ஏறுகிறது, கீழே பார்த்தால் இறங்குகிறது, படுத்திருந்தால் நிலையாக இருக்கிறது. இது மட்டும் எனக்குத் தெரியும். நூற்று எழுபத்திரண்டு. நூற்று அறுபத்தைந்து. அம்பு லேசாகச் சாய்ந்தது. நூற்று ஐம்பத்து நான்கு. காபி ஆறிப்போயிற்று.

ஒன்பது இருபதுக்கு எண் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் ஆயிற்று, புதுசு வரவில்லை. பத்து நிமிடம். பதினைந்து. 'தகவல் இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தது.

மகாவைக் கூப்பிட்டேன். லைன் போகவில்லை. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். சாய்ந்த அம்புதான் கண்ணுக்குள் நின்றது. நான் சொன்ன மூன்று மணி நேரம், பிடுங்கி எறிந்த கழிகள், இடுப்பளவுத் தண்ணீர்... இருபத்தைந்தாவது நிமிடம் தாங்கவில்லை. தேசப்பனின் எண்ணையே அழுத்திவிட்டேன்.

அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள். ஒரே தண்ணீர்ச் சத்தம், ஆள் சத்தம்.

"யாரு?" எல்லப்பன் குரல்.

"நான்தான்பா... மாப்ளை எப்படி இருக்கார்? எண்ணே வரலையே!"

"நெட்டு புட்டுகினு போச்சி. இங்க காட்டுது. நூத்தி நாப்பத்தி ஒண்ணு. அம்பு படுத்துகினு கீது."

"அம்பு படுத்திருந்தா என்னன்னா..."

"அய்ய, வெளக்காதீங்கம்மா! இறா வந்துகினு கீது, உங்க மாப்ளதான் இழுத்துகினு கீறான். போன வைங்க!"

வைத்துவிட்டேன். நூற்று நாற்பத்தொன்று — உங்களுக்கும் இந்த வாரம் அவ்வளவுதான், விளக்கம் கிடையாது.